2012-ஐயும் எழுதி வையுங்கள்: பெலெனென்செஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

லிஸ்பன் நகரின் பெலெனென்செஸ் கால்பந்து கிளப்பின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2021 நவம்பர் 27 அன்று ஜாமோர் தேசிய அரங்கில் நடந்த ஆட்டத்தின் செய்தி எங்கள் ஊர்வரை வந்தது. போர்ச்சுகலின் பெரிய கிளப்பான பென்ஃபிகாவுக்கு எதிராக ஓர் அணி ஒன்பது பேருடன் இறங்கியது. மற்றவர்களைக் கொரோனா முடக்கிப் போட்டிருந்தது. அந்த ஒன்பதிலும் இரண்டு பேர் கோல்கீப்பர்கள்; ஒருவர் வலைக்கு முன்னால் நின்றார், இன்னொருவர் களத்தில் பந்துக்குப் பின்னால் ஓடினார். இடைவேளையில் ஸ்கோர் 7-0. திரும்பி வந்தவர்கள் ஏழே பேர். அதிலும் ஒருவர் சற்று நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏழுக்குக் கீழே போனால் ஆட்டம் கிடையாது என்பது விதி. நடுவர் விசிலை ஊதி முடித்துவைத்தார். உலகம் சிரித்தது, கொஞ்சம் பரிதாபமும் பட்டது. பல தலைப்புகளில் தோற்ற அணியின் பெயர் 'பெலெனென்செஸ்' என்றே இருந்தது.

அது உங்கள் அணி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அணி அந்த சீசனில் நான்காம் நிலை லீகில், யாரும் கவனிக்காத மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தது. ஜாமோரில் நின்ற அந்த ஒன்பது பேர், கிளப்பிலிருந்து பிரிந்துபோன ஒரு கம்பெனியின் ஊழியர்கள். உங்கள் பெயரையும் சின்னத்தையும் அந்தக் கம்பெனி பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அவமானம் மட்டும் முகவரி தவறாமல் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நான் உங்கள் உறுப்பினன் அல்ல. சந்தா கட்டியதில்லை, ரெஸ்டெலோ அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்ததும் இல்லை. தமிழில் கால்பந்து படிக்கிற, எழுதுகிற ஆள். ஆனால் ஒரு கிளப் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது உங்கள் கதையைத்தான். அதனால் அந்தக் கதையில் எனக்கு இருக்கும் ஒரு குறையை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

குறை இதுதான். உங்கள் கதை சொல்லப்படும்போதெல்லாம் 2018-இல் தொடங்குகிறது. ஊரார் கிளப்பை ஒரு முதலீட்டாளர் கம்பெனி பறித்துக்கொண்டது, உறுப்பினர்கள் தலைவணங்காமல் அடிமட்டத்துக்கு இறங்கி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்னால், 2012-இல், 51 விழுக்காடு பங்கை விற்றது கிளப்தான். யாரும் கொள்ளையடிக்கவில்லை. அந்த வருடம் உங்கள் வரலாற்றில் வாசலோரமாக நிற்கிறது. அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களுக்குத் தெரிந்த பழைய கதைகளை மறுபடி சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். இதைப் படிக்கும் தமிழர்களுக்கு அவை புதிது. தவிர, 2012 எங்கிருந்து வந்தது என்பது அவற்றுக்குள்தான் இருக்கிறது.

கிளப் 1919 செப்டம்பர் 23 அன்று பிறந்தது. பெலேம் என்பது தேஜு ஆறு கடலைச் சேரும் முனையில் இருக்கும் பகுதி. வாஸ்கோ ட காமா 1497-இல் கப்பலேறியது அந்தக் கரையிலிருந்துதான். அவருடைய கல்லறையும் அங்கேதான், ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குள். உங்கள் நீலச் சட்டையின் மார்பில் இருக்கும் சிவப்புச் சிலுவை அந்தக் கப்பல்களின் பாய்களில் இருந்த கிறிஸ்து சபையின் சிலுவை. கோழிக்கோடு, கோவா, மயிலாப்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்கள் பக்கத்துக் கரைகளுக்கு அந்தச் சிலுவை எப்படி வந்தது, வந்து என்னென்ன செய்தது என்பது தனிக்கதை. அதைப் பேச இது இடமில்லை. அதே சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியின்மீது பரிவு வரும் என்று நான் நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

கிளப்பைத் தொடங்கியவர் அர்துர் ஜொசே பெரெய்ரா. பெலேம் பையன். அந்தக் காலத்தில் போர்ச்சுகலின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர். பென்ஃபிகாவில் ஆடினார், 1914-இல் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார். அங்கே மாதச் சம்பளம் வாங்கினார் என்றும், நாட்டின் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே என்றும் சொல்வார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்ஃபிகாவின் வேரும் பெலேமில்தான் இருக்கிறது. 1904-இல் அங்கே ஒரு மருந்துக் கடையில் கூடியவர்கள் தொடங்கிய அணிதான் பிறகு ஊரை விட்டு நகர்ந்து, பென்ஃபிகா பகுதிக் கிளப்புடன் 1908-இல் இணைந்தது. ஆக, பெலேம் ஒரு தடவை தன் அணியை இழந்த ஊர். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பெரெய்ராவும் நண்பர்களும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசி ஒரு கிளப்பை உண்டாக்கினார்கள். பூங்கா இருக்கும் சதுக்கத்தின் பெயர் அஃபோன்சோ டி அல்புகெர்க்கி. கோவாவைப் பிடித்த அதே ஆள்.

பணம் வாங்கி ஆடிய மனிதர் தொடங்கிய கிளப் இது. காசைத் தொட்டாலே தீட்டு என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது என்பதற்காக இதை நினைவூட்டுகிறேன்.

முதல் பத்துப் பதினைந்து வருடத்துக்குள், தேசிய லீக் தொடங்கும் முன்பே, மூன்று தேசியப் பட்டங்கள் வந்தன: 1927, 1929, 1933. 'பெலெனென்செஸ் கால்மணி நேரம்' என்று ஒரு சொல்வழக்கு உண்டாகும் அளவுக்கு, தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் புரட்டிப்போடும் அணியாக இருந்தீர்கள். அந்தக் காலத்து நாயகன் பெபே. ஜொசே மனுவேல் சொவாரெஸ். ஏழை வீட்டுப் பையன், 18 வயதில் அணிக்குள் வந்தவர். 1928 ஒலிம்பிக்ஸில் போர்ச்சுகலுக்கு ஆடினார். 1931 அக்டோபரில், 23 வயதில், சாப்பாட்டில் தவறுதலாகக் கலந்த காஸ்டிக் சோடாவால் இறந்துபோனார். இன்றுவரை போர்ட்டோ அணி ரெஸ்டெலோவுக்கு ஆட வரும்போதெல்லாம் அவருடைய நினைவுச் சின்னத்தில் மலர் வைக்கிறது. எதிரணி காப்பாற்றும் இந்த வழக்கம் கால்பந்தில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று.

அப்புறம் 1938. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜனவரி 30. உங்கள் பழைய மைதானம் சலேசியாஸில் போர்ச்சுகல் தேசிய அணி, தளபதி பிராங்கோ தரப்பு ஸ்பெயின் அணியோடு ஆடுகிறது. அங்கே உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை. இங்கே சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, பாசிச வணக்கம் வைக்க வேண்டும். எல்லாக் கைகளும் நீண்டிருக்கின்றன. மூன்று கைகள் மட்டும் வேறு மாதிரி. அர்துர் குவாரெஸ்மா கையைத் தூக்கவே இல்லை, இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டித் தொங்குகின்றன. மரியானோ அமாரோவும் ஜொசே சிமோயிஸும் கையைத் தூக்கினார்கள், ஆனால் விரல்களை மடக்கி முஷ்டியாக. மூன்று பேரும் பெலெனென்செஸ் வீரர்கள். ஆட்டத்தில் போர்ச்சுகல் 1-0 என்று ஜெயித்தது. மூன்று பேரையும் அரசியல் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் விசாரித்தது. கிளப்போடு தொடர்புள்ள செல்வாக்கான ஆட்கள் தலையிட்டதால்தான் அதற்குமேல் போகாமல் தப்பித்தார்கள். பின்னாளில் வெளிக்காலால் பந்தை வளைத்த ரிக்கார்டோ குவாரெஸ்மாவை எங்கள் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். கையைத் தூக்காத அந்த அர்துர், அவருக்குத் தாத்தா முறை.

அந்த குவாரெஸ்மாவும் அமாரோவும் 1946-இலும் அணியில் இருந்தார்கள். அமாரோ அப்போது கேப்டன். கோல்கீப்பர் கபேலா, தடுப்பில் வாஸ்கோ, ஃபெலிசியானோ. மூவருக்கும் 'பெலேம் கோபுரங்கள்' என்று பட்டப்பெயர். லீகின் கடைசி நாளில் ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எல்வாஸ் ஊருக்குப் போய், முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 2-1 என்று வென்று, பென்ஃபிகாவை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி சாம்பியன் ஆனீர்கள். பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூவரைத் தவிர வேறு யாரும் லீகை வென்றது அதுதான் முதல் முறை. அடுத்தது 2001-இல் போவிஷ்டா. அதோடு சரி. எண்பது வருடத்தில் இரண்டே இரண்டு தடவை. 1947 டிசம்பரில் ரியல் மாட்ரிட் தன் புதிய அரங்கைத் திறந்தபோது, முதல் ஆட்டத்துக்குக் கூப்பிட்டது உங்களைத்தான். இன்றைக்கு பெர்னபேயு என்று பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரியும் அரங்கம். 3-1 என்று தோற்றீர்கள், பரவாயில்லை.

1955 ஏப்ரல் 24-ஐப் பற்றி உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். சீசனின் கடைசி நாள், சலேசியாஸ், எதிரே ஸ்போர்ட்டிங். ஜெயித்தால் பட்டம். மொசாம்பிக்கின் லோரென்சோ மார்க்கெஸிலிருந்து வந்த மத்தாத்தேயு அந்த சீசனில் மட்டும் 32 கோல் போட்டவர், நாட்டிலேயே அதிகம். அணி 2-1 என்று முன்னால். முடிய இன்னும் நான்கு நிமிடம். ஸ்போர்ட்டிங்கின் மார்ட்டின்ஸ் சமன் செய்கிறார். 2-2. நகரின் இன்னொரு மூலையில் பென்ஃபிகா ஜெயித்துவிட்டது. இருவருக்கும் ஒரே புள்ளி. நேருக்கு நேர் ஆட்டக் கணக்கில் பட்டம் பென்ஃபிகாவுக்குப் போகிறது. கடைசிக் கால்மணி நேரத்துக்குப் பெயர்போன அணி, கடைசி நான்கு நிமிடத்தில் விழுந்தது. அதே மார்ட்டின்ஸ் அந்த செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பை வரலாற்றின் முதல் கோலையும் போட்டார். சிலருக்கு நேரம் அப்படி வாய்க்கிறது.

அந்த நான்கு நிமிடம் இல்லாவிட்டால் எல்லாம் மாறியிருக்கும் என்று எழுதியவர்களை நான் படித்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உங்கள் இறக்கத்துக்குக் காரணம் ஒரு கோல் அல்ல, நிலம். சலேசியாஸ் புல்தரை நாட்டின் முதல் புல்தரை மைதானம். நகராட்சியின் நகர விரிவாக்கத் திட்டம் அதைக் கேட்டது. கிளப் வெளியேற வேண்டியதாயிற்று. மேட்டில் இருந்த பழைய கல்குவாரியைக் குடைந்து ரெஸ்டெலோ அரங்கைக் கட்டினீர்கள். 1956 செப்டம்பர் 23, கிளப்பின் பிறந்தநாளில் திறந்தீர்கள். தேஜு ஆறு தெரியும் அரங்கம், படத்தில் பார்த்தாலே ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் கடன் கிளப்பின் முதுகை ஒடித்தது. இதில் வயிறெரியும் விஷயம், பிடுங்கப்பட்ட சலேசியாஸ் நிலத்தில் வெகுகாலம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் எழும்பவில்லை என்பது.

பெரிய மூவருக்குத் தேசம் முழுக்க ஆதரவாளர்கள் இருந்தார்கள், நுழைவுச்சீட்டு வருமானம் இருந்தது. உங்களுக்கு ஒரு பேட்டை இருந்தது. இந்தக் கணக்குதான் மிச்சக் கதை முழுவதையும் எழுதியது. மத்தாத்தேயுவின் தம்பி விசென்டே 1966 உலகக் கோப்பையில் பெலேயைக் கட்டிப்போட்டார், அதே வருடம் கார் விபத்தில் ஒரு கண்ணை இழந்து ஆட்டத்தையும் இழந்தார். 1960-இலும் 1989-இலும் போர்ச்சுகல் கோப்பை கிடைத்தது. 89-இல் வீழ்த்தியது பென்ஃபிகாவை. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் யூஃபா கோப்பையைக் கையில் வைத்திருந்த ஜெர்மன் அணி லெவர்குசனை இரண்டு ஆட்டத்திலும் 1-0 என்று அடித்து வெளியே அனுப்பினீர்கள். நடுவே 1982-இல் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதும் நடந்தது. பிறகு ஏறுவதும் இறங்குவதும் வழக்கமாயிற்று. 2006-இல் இறங்க வேண்டிய அணி, ஜில் விசென்டே கிளப் மாட்டிக்கொண்ட ஒரு பதிவுச் சிக்கலால் தப்பித்தது. 2010-இல் தப்பிக்கவில்லை.

இப்படித்தான் 2012 வந்தது. இரண்டாம் டிவிஷன், தலைக்குமேல் கடன். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே திண்டாட்டம். கோட்சிட்டி என்ற முதலீட்டு நிறுவனம், ருய் பெத்ரு சொவாரெஸ் தலைமையில், 'சாட்' என்று நீங்கள் சுருக்கிச் சொல்லும் விளையாட்டுப் பங்குக் கம்பெனியின் 51 விழுக்காட்டை வாங்கியது. கிளப்பின் கையில் நின்றது 10 விழுக்காடு. பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு உண்டு என்று தனியாக ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டீர்கள். அந்த ஒப்பந்தம் இருக்கும் தைரியத்தில்தான் விற்றீர்கள் என்று நினைக்கிறேன். பிறகு அந்த ஒப்பந்தமே சண்டைக்கு வந்து வழக்காகிப்போனது. திரும்ப வாங்கும் உரிமை கைக்கு எட்டவில்லை.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்ற முதல் சீசனிலேயே, டச்சுக்காரர் மிட்செல் வான் டெர் காக் பயிற்சியில், இரண்டாம் டிவிஷனை அடித்து நொறுக்கி மேலே வந்தீர்கள். 2015-இல் ஆறாம் இடம். அதே வருடம் யூரோப்பா லீகின் குரூப் ஆட்டங்கள்; பாசல் நகருக்குப் போய் பாசலை 2-1 என்று வென்றது அங்கேதான். அந்த மூன்று வருடம் நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியதில் தப்பில்லை. விற்பனை முழுக்க முழுக்கப் பொய் என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால்தான் நிபந்தனைகளை யாரும் மறுபடி எடுத்துப் படிக்கவில்லை.

2018 ஜூன் 30-ஆம் தேதியோடு ரெஸ்டெலோவைக் கம்பெனி பயன்படுத்தும் உடன்பாடு முடிந்தது. கம்பெனி அணியைத் தூக்கிக்கொண்டு ஜாமோருக்குப் போனது. எங்கள் ஊர்ப் பாகப்பிரிவினை மாதிரி: பெயர்ப்பலகையும் பூசையறையும் உங்களுக்கு, பட்டா அவர்களுக்கு. முதல் டிவிஷன் இடம்தான் அந்தப் பட்டா. லீகின் கண்ணில் பங்கேற்பாளர் கம்பெனிதான், கிளப் இல்லை. 98 வயதுக் கிளப் ஒரே நாளில் லீகில் இடமில்லாத புது அணி ஆகி, லிஸ்பன் மாவட்டச் சங்கத்தின் மூன்றாம் டிவிஷனில் பெயர் கொடுத்தது. நாட்டின் ஆறாவது நிலை. அதற்குக் கீழே தெருதான்.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடுகிறது. ஆறாம் நிலை ஆட்டத்துக்கு ரெஸ்டெலோவில் கூடிய கூட்டம், முதல் நிலை ஆட்டத்துக்கு ஜாமோரில் கூடவில்லை. 2019, 2020, 2021, 2022, 2023 என்று வரிசையாக ஐந்து வருடம், ஐந்து ஏற்றம் (நடுவே 2021-இல் புதிதாக ஒரு மூன்றாம் நிலை லீக் நுழைந்ததால் படி ஒன்று கூடிவிட்டது). அந்தப் பக்கம் கம்பெனி அணி பெயரை இழந்து 'பி-சாட்' ஆனது, வேறு சின்னத்தோடு ஆடியது, 2022-இல் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது, 2023-இல் மூன்றாவதுக்கும் விழுந்தது. நீங்கள் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறிய அதே கோடையில் அவர்கள் இரண்டிலிருந்து மூன்றுக்கு இறங்கினார்கள். மாடிப்படியில் ஒருவரையொருவர் கடந்துபோனது போலத்தான், ஆனால் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கோடையிலேயே அது கோவா த பியெதாதே கிளப்போடு கரைந்து காணாமல் போனது.

இந்த இடத்தில்தான் எல்லாரும் கதையை முடிக்கிறார்கள். முடிக்கக் கூடாது. 2024-இல் நீங்கள் இரண்டாம் டிவிஷனின் அடியில் முடித்து மறுபடி இறங்கினீர்கள். ஐந்து ஏற்றத்தை ஆர்வமும் உழைப்பும் தூக்கின. அதற்கு மேலே காசு வேண்டும். 2012-இல் இருந்த அதே சுவர் அதே இடத்தில் நிற்கிறது. தொழில்முறை லீகில் ஆடுகிறவர் யாரானாலும் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2013-இலிருந்து உங்கள் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. ஆகவே யாராவது வருவார்கள். இப்போதே வந்துகொண்டும் இருக்கலாம். நல்ல மனிதராகவும் இருக்கலாம். ரெஸ்டெலோவை நேசிப்பதாகச் சொல்வார், அதில் பொய் இருக்காது. திரும்ப வாங்கும் உரிமை உண்டு என்று ஒரு தாளையும் நீட்டுவார்.

அவர் வரும் நாளில் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் 2012-இல் சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதையில் வில்லன் ஒருவர் இருக்கிறார், அவர் தோற்றுப் போயும்விட்டார். ஆகவே வில்லன் மாதிரித் தெரியாத ஆளிடம் விற்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குத் தோன்றும். 2018-இலிருந்து கதை சொல்வதால் வரும் வினை இது. சென்ற முறை கவிழ்த்தது ஆள் அல்ல, தாள். யார் கையில் எத்தனை விழுக்காடு, லீகின் இடம் யார் பெயரில், அரங்க ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, திரும்ப வாங்கும் உரிமை எந்தச் சாக்கில் ரத்தாகும் என்ற விவரங்கள்.

உங்கள் நாட்டில் இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அவெஸ் கிளப் 2018-இல் ஸ்போர்ட்டிங்கை வென்று போர்ச்சுகல் கோப்பையைத் தூக்கியது. இரண்டே வருடத்தில் அதன் கம்பெனி திவாலாகி, கிளப் மாவட்ட லீகில் போய் நின்றது. பிறகு வேறோர் ஊரான விலா ஃபிராங்காவின் கம்பெனி அணி அதே ஊருக்குக் குடிபெயர்ந்து, அவெஸை நினைவூட்டும் மூன்று எழுத்தில் ஒரு பெயரும் வைத்துக்கொண்டது. லீகின் இடம் மூட்டை மாதிரி ஊர் விட்டு ஊர் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. ஒன்று, 2012 விற்பனைக்கான பொதுக்கூட்டக் குறிப்பு, ஒப்பந்தத்தின் முக்கிய ஷரத்துகள், அன்று ஆதரித்துப் பேசியவர்களின் வாதங்கள், எதிர்த்தவர்களின் வாதங்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காக வெளியிடுங்கள். கிளப் அரங்கில் 1946 கோப்பை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே வையுங்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்க முடியாத கிளப்பை அன்றைக்கு ஏதோ செய்து காப்பாற்றத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்தத் தாள் எப்படி இருந்தது என்று உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கிளப் விதிகளிலேயே எழுதுங்கள். கிளப்பே ஒரே பங்குதாரராக இருக்கும் கம்பெனி வகை உங்கள் சட்டத்தில் இருக்கிறது; முடிந்தவரை அதிலேயே இருங்கள். வெளியார் காசு வந்தே ஆக வேண்டும் என்றால் பாதிக்குக் குறைவாக வரட்டும். ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை தாய்க் கிளப்பிடம் இருக்க வேண்டும் என்று லீகே விதி வைத்திருக்கிறது. உங்கள் லீக் வைக்காவிட்டால் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த வரம்பைத் தாண்ட ஒரே கூட்டத்தில் கைதூக்கினால் போதும் என்று இருக்கக் கூடாது. இரண்டு கூட்டம், நடுவே ஆறு மாதம், ஒப்பந்தம் முழுவதும் எல்லா உறுப்பினர் கையிலும் முன்கூட்டியே. தோற்றுக்கொண்டிருக்கும் சீசனின் நடுவில் அந்த வாக்கெடுப்பு நடக்கவே கூடாது.

இப்படிச் செய்தால் மேலே வர நாளாகும் என்பீர்கள். ஆகும்தான். மூன்றாம் நிலையிலேயே பல வருடம் கிடக்க வேண்டி வரலாம். போர்ட்டோ அணி மலர் வைக்க வரும் நாள் தள்ளிப்போகலாம். ஆனால் 2018-இல் ஆறாம் நிலைக்கு இறங்கச் சம்மதித்தவர்கள் நீங்கள். முதல் டிவிஷனில் வேறொருவரின் அணிக்குக் கைதட்டுவதைவிட அது மேல் என்று அன்றைக்கு முடிவு செய்தீர்கள். அந்த முடிவு 2012-இலும் உங்கள் கையில் இருந்தது, அடுத்த முறையும் இருக்கும்.

இந்த மடலை யாராவது போர்ச்சுகீசியத்தில் பெயர்த்து உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து சேர்த்தால் மகிழ்ச்சி. அந்தக் கூட்டத்தில் பழைய குறிப்பேட்டை வெளியிடும்படி ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டாலும் எனக்குப் போதும்.

அன்புடன்,
தூரத்திலிருந்து உங்கள் ஆட்ட முடிவுகளைப் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்